ஏறத்தாழச் சமம்

0.1 என்ற எண்ணைப் பத்து முறை கூட்டினால் என்ன வரும்? ஒன்று என்று ஆறாம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான். கணிப்பொறியோ 0.9999999999999999 என்கிறது! அதைக் கோபித்துப் பயனில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதுபோல, 0.1 என்பது இரும எண்முறையில் முடிவின்றி நீள்கிறது. ஓரிடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்?

கணிப்பொறி விளையாட்டுகளை எழுதுவோர், நிரலின் ஒவ்வொரு பகுதியையும் சோதிக்கத் தனியே சிறு நிரல்கள் எழுதுவது வழக்கம். கன்னியாகுமரிப் படகுத்துறையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு போய்த் திரும்புவதாக ஒரு விளையாட்டு என்று கொள்வோம். படகின் இடம் ஒரு வெக்டர். கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்கள். திரும்பிய இடமும் புறப்பட்ட இடமும் சமமா என்று கேட்டால், கண்ணுக்குப் படகு துறையில்தான் நிற்கும். சோதனையோ 'இல்லை' எனலாம்.

ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, கிடைக்கும் வெக்டரின் நீளத்தைக் காண வேண்டும். அது நாம் வைத்த எல்லைக்குள் இருந்தால் போதும். மூன்று எண்களையும் தனித்தனியே ஒப்பிடுவோரும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருக்கும்போதே, மொத்த விலகல் எல்லையைப்போல் 1.73 மடங்கு வரை போகக்கூடும். எனக்கு நீளமே பிடிக்கிறது.

எல்லை எவ்வளவு? இங்கேதான் பலர் ஏதோவொரு சிறு எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்கள். என் தகப்பனார் தச்சுவேலை செய்பவர். கதவுக்கு அரை நூல் பார்ப்பார் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு); ஆட்டுக் கொட்டகைக்கு அந்தக் கணக்கு இல்லை. எண்களும் அப்படியே. 32 இரும இலக்கங்களில் எழுதும் தசம எண்ணாக 1,67,77,216-ஐ வைத்து அதனுடன் 1 கூட்டினால், அதே எண்தான் திரும்பக் கிடைக்கும்! அத்தனை தொலைவில் 0.00001 என்று எல்லை வைப்பது வீண். எண் பெரிதானால் எல்லையும் அதன் விகிதத்தில் பெரிதாக வேண்டும். படகுத்துறையையே பூஜ்யப் புள்ளியாகக் கொண்டாலோ விகிதம் உதவாது; அங்கே நிலையான எல்லை வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வோர் அடியையும் முந்தைய அடியோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாம் எல்லைக்குள்ளேயே வரும். பிழை மட்டும் சத்தமின்றி வளரும். 1991-இல் வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தளம் ஒன்று 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியது. அதே 0.1-ஐ வெட்டி எழுதியதால் அதன் கடிகாரக் கணக்கு 0.34 வினாடி பிசகியது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறவிட, 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர்.

எனவே நம் படகையும் நூறு நடை ஓட்டிவிட்டு, முதலில் புறப்பட்ட துறையோடு ஒப்பிடும் சோதனை ஒன்றும் எழுதியாக வேண்டும்.