பாகம் பிரியாத நிலமும் மறுமைக் கணக்கும்



தந்தை மறைந்து பத்தாண்டுகள் கடந்திருக்கும். பட்டாவோ இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். மூத்த மகன் நிலத்தை உழுது பயிரிடுவார். இளையவர் கடல் கடந்து பொருளீட்டுவார். பெண்மக்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்களில் இருப்பர். "எங்களுக்குள் பிரிவினை எதற்கு? ஒற்றுமையாக இருக்கிறோம்" என்று அக்குடும்பத்தார் பெருமையுடன் கூறுவர். அந்த ஒற்றுமையின் விளைச்சல் யாருடைய வீட்டுக்குச் செல்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. ஆண்டுதோறும் நெல் மூட்டைகள் ஒரே வாசலில் இறங்குகின்றன. சகோதரிகளின் கணக்கு பெருநாள் துணிமணிகளோடு முடிந்துவிடுகிறது.

பாகம் பிரிப்பது பாசத்தை முறிப்பதாகும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். மார்க்கம் கூறுவது வேறு. முறையாகப் பிரித்துக் கொடுப்பதே உறவைக் காக்கும். பிரிக்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் வலிமை குன்றியவரின் ஹக்கை உண்பதில் போய் முடியும்.

இறைவன் வகுத்த பங்கு

பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்ற பொருளில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, பொருள் குறைவாயினும் மிகுதியாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்று திருமறை அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில் அறிவிக்கிறது. 'குறைவாயினும்' என்னும் அச்சொல்லைச் சிந்தியுங்கள். இருப்பது அரை ஏக்கர்தானே, அதில் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு நடைபெற்ற உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅதின் மனைவியார் தம் இரு பெண்மக்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். வாரிசுரிமை வசனம் அருளப்பெற்றது. நபியவர்கள் அச்சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டும், மனைவிக்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். சொத்தை 24 பங்காக்கினால் பெண்மக்களுக்கு 16, தாய்க்கு 3, சகோதரருக்கு 5. முழுவதையும் எடுத்தவருக்கு உரியதாக இருந்தது ஐந்தே பங்கு!

அடக்கச் செலவு, கடன், மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை நீங்கலாக எஞ்சும் சொத்தில், மரணம் நிகழ்ந்தவுடனேயே ஒவ்வொரு வாரிசும் உரிமையாளராகிவிடுகிறார். அண்ணன் மனம் வைத்துத் தங்கைக்குக் கொடுப்பதன்று அது. ஏற்கெனவே தங்கைக்குச் சொந்தமானதை ஒப்படைப்பதேயாகும்.

அளந்து கொடுத்தால் போதுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் மனைவியையும், இரு ஆண்மக்களையும், ஒரு பெண்ணையும் விட்டு மறைகிறார். சொத்து 4 ஏக்கர். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதம். 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, ஆண்மக்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. சென்ட் கணக்கில் தாய்க்கு 50, ஆண்மக்களுக்கு 140, 140, மகளுக்கு 70.

கணக்குச் சரிதான். ஆனால் அந்த 4 ஏக்கரில் 2 ஏக்கர் வாய்க்கால் பாயும் நஞ்சை, 2 ஏக்கர் வானம் பார்த்த புஞ்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சையின் விலை புஞ்சையைப் போல் இரு மடங்கு. அப்போது மொத்த மதிப்பு 600 சென்ட் புஞ்சைக்குச் சமம். மகளின் பங்கு 105 சென்ட் புஞ்சை, அல்லது ஐம்பத்திரண்டரை சென்ட் நஞ்சை. கோடிப் புஞ்சையில் 70 சென்டை அளந்து கொடுத்துவிட்டு, "ஷரீஅத்படி கொடுத்துவிட்டேன்" என்று சொல்பவர், 35 சென்ட் ஹக்கைத் தம்மிடமே வைத்துக்கொண்டவராவார்.

இதனாலேயே ஃபிக்ஹு மேதைகள் பங்கீட்டை வகைப்படுத்தினார்கள். ஒரே தன்மையுடைய நிலத்தை அளவால் பிரிக்கலாம். தன்மை மாறுபட்டால் மதிப்பால் சமன் செய்ய வேண்டும். ஒரு பக்கம் கிணறோ கட்டடமோ இருந்து சமன் செய்ய இயலாவிடில், அதைப் பெறுபவர் மற்றவருக்கு ஈட்டுத்தொகை தரவேண்டும். இம்முறைக்கு இருவரின் மனமொப்பிய இசைவும் தேவை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு.

பாதையும் நீரும்

ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயா, பங்கிடுபவர் நிலத்தை வரைபடமாக்கி, அளந்து, மதிப்பிட்டு, ஒவ்வொரு பங்கையும் அதற்குரிய பாதையோடும் பாசன உரிமையோடும் தனியே பிரிக்க வேண்டும் என்கிறது. வழியில்லாத வயல் பெயருக்குத்தான் வயல். அண்ணனின் வரப்பின் மீது நடக்க ஒவ்வொரு நாளும் அனுமதி கேட்க வேண்டிய தங்கை, ஈராண்டில் வந்த விலைக்கு அண்ணனிடமே விற்றுவிடுவாள்.

எல்லைகள் இடப்பட்டுப் பாதைகளும் பிரிக்கப்பட்ட பிறகே கூட்டாளியின் முன்வாங்கும் உரிமை முடிவுறும் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் நபிமொழியை அறிவிக்கிறார்கள். எல்லையோடு பாதையும் பிரிந்தால்தான் பிரிவினை நிறைவுறும் என்பது இதனால் விளங்கும். பாதையின் அகலத்தில் பிணக்கு நேர்ந்தால் 7 முழம் என்று தீர்ப்பளித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இன்றைய அளவில் ஏறக்குறைய 10 அடி. பாரவண்டி செல்லப் போதுமானது.

பிரித்தால் பயனற்றுப் போகும் கிணறு போன்றவற்றைப் பொதுவில் வைத்து, முறை வைத்து நீர் இறைத்துக்கொள்ளலாம். அந்த முறையையும் எழுத்தில் வைத்துவிடுங்கள்.

யாருக்கு எந்தத் துண்டு?

துண்டுகள் சமமான பின்னர் சீட்டுக் குலுக்குவதே நடுநிலை. பங்குகள் ஏற்றத்தாழ்வாக இருப்பின், மிகச் சிறிய பங்கின் அளவுக்கு நிலத்தைத் துண்டாக்க வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் வழிகாட்டுகிறது. மறைந்த பெண்மணிக்குக் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர் ஆகியோர் மட்டுமே வாரிசுகள் என்றால் பாதி, மூன்றிலொன்று, ஆறிலொன்று என்று பங்கு அமையும். நிலம் 6 துண்டாகும். முதல் துண்டுக்குக் கணவரின் பெயர் வந்தால், அடுத்த இரண்டும் சேர்த்து அவருக்கே. ஒருவருடைய பங்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறலாகாது என்பதில் அந்த மேதைகள் காட்டிய அக்கறையைப் பாருங்கள்!

"விட்டுக்கொடுத்துவிட்டார்கள்"

"சகோதரிகள் மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டனர்" என்று பலர் கூறக் கேட்கிறோம். தம் பங்கு எத்தனை சென்ட், எந்தத் துண்டு, என்ன விலை பெறும் என்று அறியாமல், பத்திரத்தில் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டதா மனமுவந்த விட்டுக்கொடுப்பு? பிறந்தகத்து உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் இட்ட கையொப்பத்தை அல்லாஹ் அறியாதவனா? திருமணத்தில் தந்தை செய்த நகையும் சீரும் அவர் தம் வாழ்நாளில் மகளுக்கு அளித்தவை. வாரிசுப் பங்கில் அவற்றைக் கழிப்பதற்கில்லை.

முதலில் பங்கைப் பிரித்து அவர்களின் கையில் ஒப்படையுங்கள். விளைச்சலை ஓரிரு பருவம் அவர்களே உண்ணட்டும். அதன் பிறகு தாமாக முன்வந்து தருவார்களாயின், அது நன்கொடை. பிரிக்கத்தக்க சொத்தில் பிரிக்கப்படாத பங்கை அன்பளிப்பாகத் தருவது, பிரித்து ஒப்படைத்தாலன்றி நிறைவுறாது என்று ஹனஃபி அறிஞர்கள் கூறியதன் நுட்பமும் இங்கு விளங்கும்.

வாரிசுகளில் சிறுவர் இருப்பின் இன்னும் எச்சரிக்கை தேவை. தந்தையும், தந்தைவழிப் பாட்டனாரும், அவர்கள் நியமித்த பொறுப்பாளரும் இல்லாதபோது, தாயோ அண்ணனோ அச்சிறுவரின் நிலத்தைத் தாமாக விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நம் நாட்டுச் சட்டத்தில் அதிகாரமில்லை. நீதிமன்றத்தை நாட வேண்டும். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகின்றனர் என்ற இறை எச்சரிக்கையை மறவாதீர்கள்.

ஏட்டிலும் பதியுங்கள்

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே தமிழகத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஷரீஅத்தின் பங்கீடே சட்டம். ஊர் வழக்கம் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். ஆலிமிடம் பங்கு விகிதத்தை எழுதி வாங்குங்கள். வரைபடத்துடன் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அத்துடன் நின்றுவிடாமல் உட்பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். நில அளவர் அளந்து, கல் நட்டு, புல எண்ணுக்கு உட்பிரிவு எண் தந்து, அவரவர் பெயரில் தனிப்பட்டா வரும் வரை ஓயாதீர்கள். கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்த்ததோடு விட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் நான்கு பெயர் நாற்பதாகிவிடும்.

நட்ட கல்லை நகர்த்தாதீர்கள். நில எல்லையின் அடையாளத்தை மாற்றுபவன் இறை சாபத்துக்குரியவன் என்றும், ஒரு சாண் நிலத்தை அநியாயமாகக் கவர்ந்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்றும் நபிமொழிகள் எச்சரிக்கின்றன.

பழைய வாரிசுச் சொத்தொன்றின் வழக்குடன் இருவர் நபியவர்களிடம் வந்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இருவரிடமும் சான்றில்லை. வாதத்திறமையால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைத் தம் தீர்ப்பினால் பெற்றுக்கொண்டாலும், பெற்றது நெருப்புத் துண்டே என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இருவரும் அழுதனர். என் உரிமை என் சகோதரருக்கே என்று ஒவ்வொருவரும் கூறினர். அப்போதும் நபியவர்கள், நிலைமை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடவில்லை. சென்று பங்கிடுங்கள், நியாயத்தை நாடுங்கள், சீட்டுக் குலுக்குங்கள், பிறகு ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்றே பணித்தார்கள். கண்ணீர் வடித்த பின்னரும் பங்கீடு வேண்டியிருந்தது!

நம் தந்தையர் விட்டுச் சென்ற நிலம், அவர்களின் மக்களிடையே பகையையும் மறுமையில் கைசேதத்தையும் விளைவிக்காதிருக்க, உரியவரின் பங்கை உரியவரிடம் இன்றே ஒப்படைப்போமாக! வல்ல அல்லாஹ் அதற்குரிய மனவலிமையை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.