வெள்ளத்தைத் தாங்கும் நெல்: புரத 'வரைபடம்' ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

திருவாரூர் பக்கம் மழைக்காலத்தில் சம்பா பயிர் மூழ்குவது புதுசு இல்ல. அங்கே கைகொடுக்கும் ரகங்களில் ஒன்று சி.ஆர். 1009 சப்-1. ஏறத்தாழ இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் பயிர் பிழைக்கக் காரணம், அதில் இருக்கும் சப்1ஏ என்ற மரபணு.

இந்த மரபணு உருவாக்கும் புரதம் தனியா வேலை பார்க்காது. எந்தப் புரதம் எதோடு சேருது என்று புள்ளி வைத்து, கோடு போட்டுக் காட்டுவதுதான் 'புரத வலைப்பின்னல்'.

சிக்கல் என்னன்னா, 2005-ல் வெளியான நெல் மரபணுத் தொகுதி நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தினுடையது. அதில் சப்1ஏ கிடையவே கிடையாது! அதை மட்டும் நம்பி வரைந்த வலைப்பின்னலில், நம்ம ஊர் பயிரைக் காப்பாற்றும் புரதத்துக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. சப்1ஏ-வை அடையாளம் கண்டது 2006-ல். அது எம்பிகே3 என்ற புரதத்தோடு கைகோர்ப்பதை டெல்லி தேசிய தாவர மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் காட்டியது 2016-ல்.

அப்போ பழைய படம் தப்பா? தப்புன்னு சொல்ல முடியாது, அரைகுறை. கோடு இல்லைன்னா உறவே இல்லைன்னு அர்த்தமில்ல; யாரும் இன்னும் சோதிக்காமலும் இருந்திருக்கலாம்.

தரவு கூடிக்கிட்டேதான் போகும் என்பதும் இல்ல. உலகம் முழுக்கப் பயன்படும் 'ஸ்ட்ரிங்' தரவுத்தளத்தின் 11.5-ஆம் பதிப்பில் 14,094 உயிரினங்கள். அடுத்த 12-ஆம் பதிப்பில் 12,535. அதனால் எந்தப் பதிப்பு, எந்த நெல் ரகம் என்று குறிக்காத ஆய்வு முடிவை இன்னொருவர் சரிபார்ப்பது ரொம்பக் கஷ்டம்.