வீட்டு வாத்துகள் நீந்த ஏற்ற நீர்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பியதும், காஞ்சிபுரம், வாலாசாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் வாத்துக் கூட்டங்களை ஏரிக்கரையில் காணலாம். நெல் அறுவடை முடிந்தபின் தாள் வயல்களில் சிந்திய மணிகளையும், நத்தை, பூச்சிகளையும் அவை மேயும். ஊர் விட்டு ஊர் மந்தை ஓட்டும் வாத்துக்காரர்கள் நீரின் குணத்தை அனுபவத்தில் அறிந்தவர்கள். வீட்டுப் புறக்கடையில் புதிதாகப் பத்து, இருபது வாத்து வளர்க்க முற்படுபவர்களுக்கு அந்த அனுபவம் இராது. வாத்துக்கு நீந்தத் தெரியும்; எந்த நீர் தனக்கு ஆகாது என்பது தெரியாது. அதை அறிந்து காப்பது வளர்ப்பவரின் பொறுப்பு.

நீந்தத்தான் வேண்டுமா?

முட்டையிடுவதற்கு வாத்து நீந்தியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் அலகு முழுவதையும் நீரில் அமிழ்த்தி, மூக்குத் துளையையும் கண்ணையும் கழுவிக்கொள்ள வசதி வேண்டும். இவ்வசதி இல்லாவிட்டால் தீவனத்தூள் மூக்கில் அடைத்துக்கொள்ளும்; கண்ணில் பீளை கட்டும். ஆகவே குடிநீர்ப் பாத்திரத்தில் 5 முதல் 6 அங்குல ஆழத்திற்கு எப்போதும் நீர் இருக்கவேண்டும். நீந்த இடம் கிடைத்தால் இறகு தூய்மையாக இருக்கும். கோடை வெப்பத்தையும் வாத்து எளிதில் தாங்கும். காவலுக்காக வளர்க்கும் கூஸ் எனப்படும் பெரிய வாத்துகளுக்கும் இது பொருந்தும். ஆனால் இவை பெரும்பாலும் புல் மேய்பவை. நீரைவிடப் புல்தரையே இவற்றிற்கு முக்கியம்.

குஞ்சுகளை எப்போது இறக்கலாம்?

தாய் வாத்துடன் வளரும் குஞ்சு, நனைந்தாலும் தாயின் சிறகடியில் ஒதுங்கி உலர்ந்து சூடு பெறுகிறது. பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுக்கு இந்தத் துணை இல்லை. இத்தகைய குஞ்சுகளின் மென்தூவி நனைந்து ஊறிவிட்டால் உடல் சில்லிட்டு, சிறிது நேரத்தில் இறக்க நேரிடும். "வாத்துக் குஞ்சுதானே" என்று முதல் வாரத்திலேயே தொட்டியில் விடுவது பெருந்தவறு.

முதல் வாரம் குஞ்சுகளுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கொடுக்கவேண்டும். பிறகு வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். இக்காலத்தில் குடிநீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சுகள் அலகை நனைக்க முடியும். உள்ளே இறங்கி ஊற முடியாது. மூன்று, நான்கு வாரம் ஆனபின், வெயில் உள்ள நாளில், ஆழமற்ற நீரில் பத்து நிமிடம் விட்டுப் பழக்கலாம். வெளியே வந்ததும் காய்ந்த வைக்கோல் மீது உலர விடவும். உடலில் இறகு நன்கு மூடிய பிறகே ஆழமான நீருக்கு அனுப்பவேண்டும்.

வீட்டருகே நீர் வசதி

கொட்டகையை ஒட்டி 50 செ.மீ. அகலமும் 15 முதல் 20 செ.மீ. ஆழமும் உள்ள வாய்க்கால் கட்டினால் சிறு கூட்டத்திற்குப் போதும். தொட்டி கட்டுவதாயின் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல் சரிவாக அமைக்கவும். பழைய தொட்டியில் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தாலும் சரி. ஏறி வர வழி இல்லாத தொட்டியில் வாத்தும் களைத்து மூழ்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு இதே காரணத்தால் ஆபத்தானது. அதைச் சுற்றி முள்வேலி இடவும்.

வாத்து எச்சத்தால் நீர் விரைவில் கெடும். நாற்றம் எழும் முன்பே நீரை மாற்றிவிடவேண்டும். வெளியேற்றும் நீரைத் தென்னைக்கோ, வாழைக்கோ, தீவனப் புல்லுக்கோ பாய்ச்சினால் உரமாகும். வீட்டுச் சாக்கடையிலோ குடிநீர்க் கிணற்றருகிலோ விடக்கூடாது.

ஏரிக்கு ஓட்டிச் செல்லும்போது

வாத்துகள் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதற்கு முன் திறந்துவிட்டால் முட்டை ஏரிக்கரைச் சேற்றில் போகும். எனவே 9 மணிக்குப் பின் ஓட்டிச் சென்று, பொழுது சாயுமுன் திருப்பிக் கொண்டுவரவும். புதிதாக வாங்கிய வாத்துகளை ஒரு வாரம் கொட்டகையிலேயே வைத்து, தினமும் மாலையில் ஒரே குரல் கொடுத்துத் தீவனம் இடவும். இவ்விதம் பழகியவை அக்குரலுக்கு வீடு திரும்பும். இரவில் நாய், நரி, கீரி நுழையாத கொட்டகை தேவை. வாத்து ஒன்றுக்கு 3 சதுர அடி இடம் ஒதுக்கவும்.

ஏரி ஊர்ப் பொதுச் சொத்து. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. மீன் குத்தகை உள்ள ஏரியில் குத்தகைதாரரின் இசைவு பெற்றே வாத்துகளை இறக்கவேண்டும். விரித்த வலையும் தூண்டில் முள்ளும் உள்ள இடங்களைக் கேட்டறிந்து தவிர்க்கலாம். விரால் மிகுந்த நீரில் சிறு குஞ்சுகளை விடவேண்டாம்.

விலக்க வேண்டிய நீர்நிலைகள்

1. பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் பட்டறைகளின் கழிவுநீர் கலக்கும் கால்வாய், குட்டை. வேகவதி ஆற்றில் நகரக் கழிவுநீர் சேரும் பகுதிகளும் இவ்வகையே.

2. பூச்சிமருந்து தெளித்த வயலும் அதன் வடிகாலும். குருணை மருந்து இட்ட வயல் மிக ஆபத்தானது. குருணையைத் தானியம் என எண்ணிப் பறவைகள் கொத்தும். பக்கத்து வயல்காரரிடம் என்ன மருந்து, எப்போது இட்டார் என்று கேட்டபின்னரே வாத்துகளை இறக்கவும்.

3. கோயில் திருக்குளங்கள். மக்கள் நீராடும் குளத்தில் வாத்து எச்சம் சேர்வது சுகாதாரத்திற்கு ஏற்றதல்ல.

4. கோடையில் வற்றிச் சேறாகி, செத்த மீனும் அழுகிய பொருளும் கிடக்கும் குட்டை. இச்சேற்றில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு உண்டாகும். நச்சு ஏறிய வாத்து கால் தளர்ந்து, பிறகு கழுத்தைத் தூக்க முடியாமல் தொங்கவிடும். நீந்தும்போது தலை சாய்ந்தால் மூழ்கிவிடும். இக்குறி கண்டதும் கூட்டம் முழுவதையும் அந்நீரிலிருந்து விலக்கி, நல்ல நீர் கொடுத்து, கால்நடை மருத்துவரை அணுகவும். பங்குனி முதல் ஆனி வரை ஏரியை நம்பாமல் வீட்டுத் தொட்டியிலேயே நீந்த விடுவது நலம்.

நீர் வழியே பரவும் நோய்கள்

வாத்துப் பிளேக் நோய்க் கிருமி, நோயுற்ற வாத்தின் எச்சம் மூலம் நீரில் கலந்து, அதே நீரில் இறங்கும் மற்ற வாத்துகளைத் தாக்கும். கண் இமை வீங்குதல், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குதல், நீர்த்த கழிச்சல், திடீர் இறப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்குத் தடுப்பூசி உண்டு. 8 முதல் 12 வார வயதில் போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் திரும்பப் போடவும். தடுப்பூசி போடாத கூட்டத்தை வெளியூர் மந்தை இறங்கிய ஏரியில் விடலாகாது.

பறவைக் காய்ச்சலும் கருத்தில் கொள்ளவேண்டியது. 2014 ஆம் ஆண்டு கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் இந்நோயால் ஏராளமான வாத்துகள் மடிந்தன. மேலும் பல கொல்லப்பட்டன. சில வாத்துகள் நோய்க்குறி காட்டாமலே கிருமியைப் பரப்பக்கூடும். குளிர்காலத்தில் வேடந்தாங்கல் முதலிய நீர்நிலைகளுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. அவை திரளும் ஏரிகளில் கார்த்திகை முதல் மாசி வரை வீட்டு வாத்துகளை இறக்காதீர்கள். பல வாத்துகள் ஒருசேர இறந்தால் அவற்றைத் தொடவோ, அறுக்கவோ, ஏரியில் எறியவோ வேண்டாம். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்கவும்.

நாள்தோறும் வாத்துகளைத் திறந்துவிடும்போதும் அடைக்கும்போதும் எண்ணிப் பாருங்கள். மாலையில் ஒன்று குறைந்தால் அன்றே காரணத்தைத் தேடுங்கள். வலையா, நாயா, நஞ்சா என்பது அன்று தெரிந்தால் மறுநாள் மீதியைக் காக்கலாம். சரிவுள்ள சிறு தொட்டி, தூய நீர், தக்க காலத்தில் தடுப்பூசி ஆகிய மூன்றும் இருந்தால், வீட்டருகிலேயே வாத்துகள் நீந்தி மகிழும்; முட்டை வருவாயும் குறையாது.