குப்பை குறைந்தால் பாதுகாப்பு குறையுமா?

கண்புரை அறுவை சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதற்காகப் பிரித்த பிளாஸ்டிக் உறைகளும், ஒருமுறை மட்டுமே உடுத்தும் அங்கிகளும், ஓரிரு சொட்டு மட்டும் எடுத்த மருந்துக் குப்பிகளும் பல நாடுகளில் நேராகக் குப்பைக்குப் போகின்றன. அமெரிக்காவின் வடகிழக்கில் நான்கு அறுவை சிகிச்சை மையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அங்கே கண் சொட்டு மருந்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பயன்படாமலே வீணானது. இதற்கு அலட்சியம் காரணமல்ல. ஒருவருக்குத் திறந்த குப்பியை அடுத்தவருக்குப் பயன்படுத்தினால் கிருமி தொற்றிவிடுமோ என்ற அச்சமே அங்கு விதியாகிவிட்டது.

அச்சம் நியாயமானதுதான். கண்ணுக்குள் கிருமி புகுந்து அழற்சி உண்டானால் பார்வையே பறிபோகலாம். ஆனால் தூக்கி எறிவதுதான் அதைத் தடுக்கிறதா?

விடை மதுரையில் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஏழைகளுக்கும் பார்வை கிடைக்க வேண்டுமானால் நேரமோ பொருளோ வீணாகக் கூடாது என்பது அங்கே அடிப்படைப் பாடம்.

அதன் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் குழு தயார்படுத்திவிடும். முதல் கண் முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், மருத்துவர் அடுத்த கண்ணைத் தொடங்கிவிடலாம். கருவிகள் மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கிருமி நீக்கப்பட்டு வரும். சொட்டு மருந்துக் குப்பி பலருக்குப் பயன்படும்.

இதன் பலனை 2017-இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. அரவிந்தில் ஒரு பேக்கோ சிகிச்சைக்கு (மீயொலியால் கண்புரையை உடைத்து எடுக்கும் முறை) சேரும் கழிவு சுமார் 250 கிராம். கரியமில வாயு வெளியேற்றக் கணக்கு சுமார் 6 கிலோ. பிரிட்டனில் இதே சிகிச்சைக்கு ஆகும் வெளியேற்றத்தில் இது 5 சதவீதம்தான்.

தொற்று? 20 லட்சம் கண்புரை சிகிச்சைகளை ஆராய்ந்து அரவிந்த் மருத்துவர்கள் 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தியபோது தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்காவில் 2013 முதல் 2017 வரையிலான தேசியப் பதிவேடு காட்டும் அளவு 0.04 சதவீதம். நோயாளிகளும் சூழலும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் சிக்கனத்தால் தொற்று பெருகும் என்ற வாதத்துக்கு இந்த எண்களில் இடமில்லை. கண்ணைக் காப்பவை சரியான மருந்தும், முறையான கிருமி நீக்கமும், பயிற்சி பெற்ற கைகளும்தான்.

நாள்தோறும் ஏராளமான சிகிச்சைகள் நடக்கும் இடத்தின் முறையைச் சின்ன மருத்துவமனை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதன் கேள்வியை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்: இந்தப் பொருளை வீசும் விதிக்கு ஆதாரம் இருக்கிறதா, பழக்கம் மட்டும்தானா? உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருவதாக 2019-இல் ஒரு மதிப்பீடு கூறியது. நோய் தீர்க்கும் துறையே காற்றைக் கெடுத்து நோயை வளர்க்கலாமா? ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கழிவை எடைபோட்டு, தொற்று விகிதத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அப்போதுதான் எது பாதுகாப்பு, எது வெறும் விரயம் என்பது நமக்குத் தெரியவரும். மிச்சமாகும் பணத்தில் இன்னொருவருக்குப் பார்வை கொடுக்கவும் முடியும்.