வீட்டுக்கும் திரும்ப வேண்டிய பிரேக்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் ஏறக்குறைய 3.7 கி.மீ. நீளமுள்ளது. பந்தயம் இல்லாத சில நாட்களில் கட்டணம் கட்டிவிட்டுச் சொந்தக் காரையே அங்கே ஓட்டலாம். அலுவலகம் போய்வரும் அதே காரில்தான் பலரும் வருகிறார்கள். பிரேக்கை மேம்படுத்த நினைக்கும்போது அவர்களின் கண் முதலில் போவது, சிவப்பு வண்ணம் பூசிய பெரிய காலிப்பர் மீது. என் பார்வையில், பணம் கடைசியாகப் போக வேண்டிய இடம் அது.

பிரேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்குவது. வேகம் இரட்டிப்பானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது விடுகிற ஆற்றலில், ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நெடுஞ்சாலையில் இப்படி எப்போதோ ஒருமுறை மிதிக்கிறோம், டிஸ்க் ஆறிவிடுகிறது. தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை மிதிக்கிறோம். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

கம்பெனி பிரேக்கே ஏபிஎஸ் வேலைசெய்யும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்றால், முதல்முறை மிதிக்கும்போது கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பது டயரின் கையில் இருக்கிறது. பெரிய டிஸ்க் மாட்டினாலும் அந்தத் தூரம் குறையாது. பத்தாவது முறையும் முதல்முறை போலவே நிற்பதுதான் அதனால் கிடைக்கும் பலன். அந்தப் பலனை வெகு குறைந்த செலவில் பெற இரண்டு வழிகள் உண்டு: ஆயில், பேட்.

வெப்பம் எல்லை மீறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஏறி மிதித்தாலும் வேகம் குறையவில்லை என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று அமுங்கித் தரைவரை போகிறது என்றால், ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி நிற்கிறது. இரண்டாவதுதான் அதிகம் அச்சுறுத்துவது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும்.

டாட் 4 தர விதிப்படி, புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 இருந்தாலே போதும் என்கிறது அதே தர விதி. டாட் 5.1-க்கு இவை 260, 180. இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளவை. சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆகவே வாங்குகிற டப்பாவில் எழுதியிருக்கும் எண்ணைவிட, அதை மாற்றிய தேதி முக்கியம். தடத்துக்குப் போகும் முன் புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்துவிட்டுப் போங்கள். டாட் 5 என்பது வேறு. அது சிலிக்கோன் ஆயில். பெயர் ஒட்டி வருகிறதே என்று 5.1-க்குப் பதிலாக அதை ஊற்றிவிடக் கூடாது.

பேட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். சில பேட்களின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரட்டை எழுத்து இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டிலும், இரண்டாவது அதிகச் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. ஆனால் அந்தச் சோதனை 350 டிகிரியைத் தாண்டுவதில்லை. தடத்தில் டிஸ்க் 500 டிகிரிக்கு மேலும் போகும். எனவே எழுத்தை நம்பாமல், தயாரிப்பாளர் தரும் வெப்ப வரம்பைக் கேட்டு வாங்குங்கள்.

முழுப் பந்தய பேட் நல்லதுதானே என்று தோன்றும். அது சூடேறிய பிறகுதான் கவ்வும். காலையில் கிளம்பி முதல் சிக்னலை அடையும்போது அது குளிர்ந்தே கிடக்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் நமக்கு வேண்டியது அந்த முதல் மிதியில் கிடைக்கும் பிடிப்பு. தடத்தில் சில நொடிகள் மிச்சமாகும் என்பதற்காக அதை விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குளிரிலும் கவ்வி, தடத்தின் சூட்டையும் பெருமளவு தாங்கும் இடைநிலை பேட்கள் கிடைக்கின்றன. கொஞ்சம் கீச்சிடும், சக்கரத்தில் கருந்தூள் படியும், பொறுத்துக்கொள்ளலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் குடும்பத்தோடு இறங்கும்போதும் இதே பேட் கைகொடுக்கும். அங்கே கீழ் கியரும் துணைக்கு வேண்டும்.

டிஸ்க்கில் துளை போட்டது அழகு. ஆனால் கடும் சூட்டில் துளையோரம்தான் முதலில் விரிசல் விடும். உள்ளே காற்றோட்ட இடைவெளியுள்ள சாதாரண டிஸ்க்கே போதும். காலிப்பர் மேல் ஒட்டும் அலங்கார மூடியை வாங்கவே வேண்டாம். வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரேக் சளைத்தால் பெரிய காலிப்பரைப் பற்றி யோசிக்கலாம். பிஸ்டன் பெரிதானால் அதிக ஆயில் வேண்டும், பெடல் ஆழமாகப் போகும். பழைய மாஸ்டர் சிலிண்டர் ஈடுகொடுக்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். பின்னால் டிரம் பிரேக் உள்ள காரில் முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் முன்பின் சமநிலை கெடும். அந்தக் காருக்கென்றே கணக்கிட்டுச் செய்த தொகுப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாகச் சுற்றி வாருங்கள். நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆறியதும் பேட் எவ்வளவு மிச்சமிருக்கிறது, பெடல் பழைய உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்குத் திரும்புங்கள்.