ஒரே மரபணு, இரண்டு நிறம்: எப்படி?

இரண்டு எலிகள். மரபணுவில் வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்று மஞ்சள் நிறம், கொழுகொழு உடம்பு. மற்றது பழுப்பு, ஒல்லி. ஏன்?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராண்டி ஜர்ட்டிலின் ஆய்வகம் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. இந்த எலிகளில் அகூட்டி என்ற மரபணு ஓயாமல் இயங்கினால் ரோமம் மஞ்சளாகும், பசியும் அடங்காது. அதனருகே மெத்தில் என்னும் வேதித் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான்) ஒட்டிக்கொண்டால் மரபணு அடங்கிவிடும். எழுத்து மாறவில்லை, பூட்டு மட்டும் விழுந்திருக்கிறது.

ஜர்ட்டிலும் ராபர்ட் வாட்டர்லேண்டும் தாய் எலிகளுக்குக் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் கலந்த தீனி போட்டார்கள். மெத்தில் கிடைக்க உதவும் சத்துகள் இவை. குட்டிகளில் பழுப்பு கூடியது. 2003இல் முடிவு வெளியானது. விடை எலியின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. இதைவிட வசதியான சோதனை அமையுமா!

சத்து பூட்டுமென்றால் நச்சு திறக்குமா? அந்தக் குழுவின் டானா டோலினாய் பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்பீனால் ஏ-யைத் தாய் எலிகளின் தீனியில் சேர்த்துப் பார்த்தார். மஞ்சள் குட்டிகள் பெருகின. கூடவே மெத்தில் தரும் சத்துகளையோ சோயாவிலுள்ள ஜெனிஸ்டீனையோ கொடுத்தபோது அந்த விளைவு மறைந்தது. ஆண்டு 2007. பின்னர் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தமக்கென ஆய்வகம் அமைத்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் ஃபோலிக் அமிலம் எழுதித் தருவது குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க. அந்த மஞ்சள் எலியின் மரபணு வடிவம் மனிதருக்குக் கிடையாது.