ஸ்டீவ் தாம்சன் (ரக்பி வீரர்)

ஸ்டீவ் தாம்சன் (பிறப்பு: 1978 ஜூலை 15) இங்கிலாந்தின் முன்னாள் தொழில்முறை ரக்பி யூனியன் வீரர் ஆவார். முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கராக ஆடிய இவர், இங்கிலாந்துக்காக 73 சர்வதேச ஆட்டங்களில் களம் இறங்கினார். 2003 உலகக்கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அந்த வெற்றி தமக்கு நினைவிலேயே இல்லை என்று 2020 டிசம்பரில் அவர் தெரிவித்தபோது அவருக்கு வயது 42.

ஹூக்கரின் வேலை

ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர். 1 முதல் 8 வரை எண் அணிபவர்கள் ஃபார்வர்டுகள் எனப்படுவர். சிறு விதிமீறலுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும்போது, இரு அணிகளின் ஃபார்வர்டுகளும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு குனிந்து எதிரணியோடு முட்டித் தள்ளுவார்கள். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். 2ஆம் எண் அணியும் ஹூக்கரின் இரு கைகளும் பக்கத்தில் நிற்கும் ப்ராப்புகளைச் சுற்றியிருக்கும். உள்ளே வரும் பந்தை அவர் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் தள்ளலுக்கும் எதிரணியின் தள்ளலுக்கும் நடுவே அகப்படுவது அவரது கழுத்துதான். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால், லைன்-அவுட்டில் அதை எறிவதும் வழக்கமாக அவரே.

தாம்சன் தொடக்கத்தில் ஃபிளாங்கராக ஆடியவர். நார்தாம்ப்டன் செயின்ட்ஸ் அணியில் பயிற்சியாளர் இயன் மெக்கீகன் அவரை ஹூக்கராக மாற்றினார். ரக்பி யூனியன் 1995இல்தான் தொழில்முறை ஆட்டமானது. ஆகவே, ரக்பியை முழுநேர வேலையாகக் கொண்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் இவர்.

2003

2002இல் ஸ்காட்லாந்துக்கு எதிராகச் சர்வதேச ஆட்டத்தில் அறிமுகமானார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டங்களையும் வென்றது. நவம்பர் 22 அன்று சிட்னியில் நடந்த உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் ஆஸ்திரேலியாவை 20-17 என வீழ்த்தியது.

கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ஆட்டம் 17-17 எனச் சமநிலையில் இருந்தது. இங்கிலாந்துக்கு ஒரு லைன்-அவுட் கிடைத்தது. தாம்சன் பந்தை வரிசையின் கடைசிக்கு எறிய, லூயிஸ் மூடி தாவிப் பிடித்தார். அங்கிருந்து மேட் டாசன் முன்னேற, மார்ட்டின் ஜான்சன் தடுப்பை மோதி முன்னே போக, ஜானி வில்கின்சன் தம் பலவீனமான வலது காலால் டிராப் கோல் அடித்தார். உலகம் இன்றும் அந்த உதையைத்தான் பேசுகிறது. வரிசையின் கடைசிக்கு எறிவது ஹூக்கருக்கு மிகக் கடினமான எறிதல். களைத்த கையோடு அதைச் சரியாகச் செய்திராவிட்டால் அந்த உதைக்கு இடமே இருந்திருக்காது.

காயமும் மறுவரவும்

2005இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியுடன் நியூசிலாந்து சென்றார். 2007இல் கழுத்துக் காயத்தால் ஓய்வு அறிவித்தார். ஆனால் பின்னர் மீண்டு வந்து பிரான்சின் ப்ரீவ் அணிக்கும், தொடர்ந்து லீட்ஸ், லண்டன் வாஸ்ப்ஸ் அணிகளுக்கும் ஆடினார். 2011 உலகக்கோப்பையிலும் இங்கிலாந்து அணியில் இருந்தார். அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் கழுத்துக் காயம் அவரை நிரந்தரமாக நிறுத்தியது.

மறதி நோய்

அவருக்கு இளம் வயதிலேயே டிமென்ஷியா தொடங்கியிருப்பதும், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளோடு தொடர்புடைய சிடிஇ என்னும் மூளைச் சிதைவு இருக்கலாம் என்பதும் 2020இல் வெளியே தெரிந்தன. 'இருக்கலாம்' என்றே மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு: இறந்தபின் மூளையை ஆய்வு செய்தே சிடிஇயை உறுதிப்படுத்த முடியும்.

இறுதிப்போட்டியின் பதிவைப் பார்க்கும்போதும் அங்கே தாம் இருந்த உணர்வே வருவதில்லை என்பது அவர் கூற்று. ஆட்டங்களைவிட, வாரந்தோறும் பயிற்சியில் பட்ட மோதல்களையே அவர் அதிகம் குறைகூறுகிறார். நினைவு தப்பி விழும் பெரிய அடிகள் மட்டுமல்ல, யாரும் கணக்கில் வைக்காத சிறு மோதல்களும் சேர்ந்து மூளையைப் பாதிக்கின்றன என்று இத்துறை ஆய்வாளர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

முன்னாள் வீரர்கள் சிலரோடு சேர்ந்து, போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை எனக் கூறி, உலக ரக்பி அமைப்பின் மீதும் இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பி சங்கங்கள் மீதும் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். தம் இறப்புக்குப் பின் மூளையை ஆய்வுக்கு அளிப்பதாக 2021இல் உறுதி தந்தார்.